வெள்ளைச் சுவர் வீட்டில் எடுப்பான ஒரு நிறம்

சிங்கப்பூரில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தால், சுவரெல்லாம் வெள்ளையாக இருக்கும். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலருக்குப் பெயின்ட் கடையில் நிற அட்டையைப் புரட்டும்போது செங்காவியிலோ மாம்பழ மஞ்சளிலோ கண் நின்றுவிடும். ஆனாலும் கடைசியில் வாங்கி வருவது தந்த நிறமாகத்தான் இருக்கும். ‘வீடே சின்னது, அடர்ந்த நிறம் அடித்தால் இன்னும் குறுகிப்போகும்’ என்ற பயம். நான்கு சுவருக்கும் அடித்தால் அந்தப் பயம் நியாயமானதே. ஓர் இடத்துக்கு மட்டும், அளவறிந்து அடித்தால் வீடு குறுகாது. அந்த இடத்தையும் அளவையும் வெளிச்சத்தையும் எப்படிக் கணிப்பது என்பதைத்தான் இங்கே விளக்க நினைக்கிறேன்.

எடுப்பு நிறம் என்பது எளிய விஷயம். அறையின் பெரும்பகுதி அடக்கமான நிறத்தில் இருக்கும். மிகச் சிறிய ஒரு பகுதி மட்டும் தூக்கலாகத் தெரியும். உள்ளே நுழைபவரின் கண் முதலில் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அந்தச் சிறிய பகுதியைக் கொண்டு நாமே முடிவு செய்கிறோம். எந்த நிறத்தையும் இப்படிப் பயன்படுத்தலாம். ஆனால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்ற வெப்ப நிறக் குடும்பத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு: அவை நம்மை நோக்கி முன்னே வருவதுபோல் தெரியும், நீலமும் பச்சையும் பின்னே விலகுவதுபோல் தெரியும். அதனால் வெப்ப நிறத்தில் கொஞ்சம் இருந்தாலே போதும், கண் அங்கே போய்விடும். குங்குமச் சிவப்பு, அரக்கு, செங்காவி, சுடுமண் நிறம், கடுகு மஞ்சள், மாம்பழ மஞ்சள் எல்லாம் இந்தக் குடும்பத்தில் வருபவை. நம் வீட்டுப் பட்டுகளிலும் கோலங்களிலும் பூசைத் தட்டிலும் ஏற்கெனவே இருக்கிற நிறங்கள்தான் இவை.

ஊருக்குள்ளேயே இரண்டு கட்டடங்களைப் போய்ப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். ஹில் ஸ்திரீட்டில் உள்ள பழைய காவல் நிலையக் கட்டடம் 1934ல் கட்டப்பட்டது. அதன் 927 சன்னல்களும் வானவில் நிறங்களில் இருக்கின்றன. ஆனால் சுவரின் நிறம் வெளிறிய, அமைதியான நிறம். சுவர் அடங்கியிருப்பதால்தான் சன்னல்கள் பேசுகின்றன. அடுத்து, லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலையில் 1900ல் கட்டப்பட்ட, டான் டெங் நியா என்ற சீன வணிகரின் வீட்டைப் பாருங்கள். அங்கே கதவு, பலகை, தூண், சுவர் எல்லாமே ஆளுக்கொரு நிறத்தில் பளிச்சென்று நிற்கின்றன. திறந்த வானத்தின் கீழ், நண்பகல் வெயிலில், தெருவில் நடப்பவர் சில நிமிடம் நின்று பார்ப்பதற்கு அது கொண்டாட்டம். அதே நிறக் கூட்டத்தை நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஹாலுக்குள் கொண்டுவந்தால் கண்ணுக்கு ஓய்விடமே இருக்காது. கோயில் மதிலின் காவி வெள்ளைப் பட்டையும் இதே கணக்குதான். இரண்டும் சம அகலத்தில் இருப்பதால் தூரத்திலிருந்தே தெரியும். மதிலுக்கு அது வேண்டும், படுக்கையறைக்கு வேண்டாம்.

எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. உள்ளலங்காரத்தில் 60-30-10 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அறையில் 60 பங்கு அடிப்படை நிறம், 30 பங்கு துணை நிறம், 10 பங்கு எடுப்பு நிறம். இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் ஒருமுறை மீட்டரில் போட்டுப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். 4 மீட்டருக்கு 5 மீட்டர் ஹால் என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து கூரைக்கு 2.6 மீட்டர். சுவர் நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 47 சதுர மீட்டர், கூரை 20, தரை 20. மொத்தம் 87. அதில் பத்து விழுக்காடு 9 சதுர மீட்டருக்கும் குறைவு. ஹாலின் குட்டைச் சுவர் ஒன்று மட்டுமே 10.4 சதுர மீட்டர். அதாவது அந்த ஒரு சுவருக்கு அடித்ததுமே உங்கள் பங்கு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அதே நிறத்தில் திரைச்சீலை, அதே நிறத்தில் விரிப்பு, அதே நிறத்தில் ஆறு குஷன் என்று சேர்த்துக்கொண்டே போனால், எடுப்பு நிறம் அடிப்படை நிறமாக மாறி, எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போகும். சுவருக்கு அடித்தால் எதிர்ப்புறத்தில் ஒரே ஒரு குஷனோ ஒரு மண்சாடியோ அந்த நிறத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கே என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. பெரும்பாலோர் தொலைக்காட்சி இருக்கும் சுவரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. திரை ஓடும்போது நாம் பார்ப்பது திரையைத்தான். சுற்றியிருக்கும் அடர்ந்த சிவப்பு வெறும் இடைஞ்சல், திரையின் நிறங்களையும் அது மாற்றிக் காட்டும். அதைவிட, மனிதர்கள் உட்கார்ந்து பேசும் இடத்துக்குப் பின்னால் வையுங்கள். சாப்பாட்டு மேசைக்குப் பின்சுவர் மிக நல்ல இடம். விருந்தினர் முகம், குத்துவிளக்கு, பரிமாறிய தட்டு எல்லாம் அந்தப் பின்னணியில் அழகாக எழும். வீவக வீடுகளில் முன்கதவு பெரும்பாலும் நேரே ஹாலுக்குள் திறக்கும். கதவில் நின்று பாருங்கள்: பார்வை தடையில்லாமல் ஓடி எந்தச் சுவரில் முட்டுகிறது? அந்தச் சுவரும் நல்ல தேர்வு. தூரத்தில் இருக்கும் சுவரை வெப்ப நிறம் கொஞ்சம் அருகே இழுத்துக் காட்டும். நீண்டு ஒடுங்கிய ஹாலுக்கு இது நன்மை. ஏற்கெனவே நீளம் குறைந்த அறையில், எதிர்ச்சுவருக்கு அடிப்பதைவிடப் பக்கச் சுவரில் இடுப்புயரம் வரை மட்டும் அடிக்கலாம்.

வெளிச்சம்

எல்லாவற்றிலும் அதிகம் யோசிக்க வேண்டியது இதுதான். ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் நிற ஆலோசனைகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. ‘வடக்குப் பார்த்த அறைக்கு நேரடி வெயில் வராது, அங்கே வெளிச்சம் நீலம் கலந்திருக்கும், ஆகவே வெப்ப நிறம் அடியுங்கள்’ என்று அவை சொல்லும். லண்டனுக்கு அது சரி. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 டிகிரிதான் வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாக நகரும், மீதி மாதங்களில் தெற்குப் பக்கமாக. ஆகவே இங்கே வடக்குச் சன்னலுக்கு ஆண்டின் ஒரு பாதியில் நேர்வெயில் சாய்ந்து கிடைக்கும், தெற்குச் சன்னலுக்கு மறுபாதியில். இரண்டுமே பொதுவாக மிதமான, நிலையான வெளிச்சம் தருபவை. வெப்ப நிறத்துக்கு ஏற்றவை.

கிழக்கும் மேற்கும்தான் ஆண்டு முழுவதும் வெயில் வாங்கும் பக்கங்கள். மேற்குச் சன்னலுள்ள அறையில் மாலை நாலு ஐந்து மணிக்கு வரும் வெயில் தானாகவே மஞ்சள் கலந்தது. அந்த வெயில் செம்மஞ்சள் சுவரில் பட்டால் அறையே அடுப்படிபோல் தகிப்பதாகத் தோன்றும். அந்த அறையில் எடுப்பு நிறம் வேண்டுமென்றால் வெயில் நேரே படாத சுவரில், கொஞ்சம் மண் கலந்த நிறமாக, சுடுமண்ணோ கடுகோ வையுங்கள். கிழக்கு அறை இதற்கு நேர்மாறு. காலையில் மட்டும் பிரகாசம், மதியத்துக்குமேல் அடங்கிவிடும். அங்கே கொஞ்சம் துணிந்து ஆரஞ்சுக்கே போகலாம். பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்த சன்னலுள்ள அறைகள் பகலிலும் மங்கல்தான். அங்கே அரக்குச் சிவப்பைத் தவிர்த்து மாம்பழ மஞ்சளுக்குப் போங்கள். காரணம் இருக்கிறது. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்கு நீலத்தைவிடச் சிவப்பு முன்னதாகவே இருண்டுவிடும். செக் அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னது இது. இங்கே ஏழு மணிக்குமேல் சட்டென்று இருட்டிவிடும். விளக்குப் போடாத அந்த நேரத்தில் உங்கள் அரக்குச் சுவரைப் பாருங்கள், கறுப்பாகத் தெரியும்.

பகலைவிட நாம் வீட்டில் அதிகம் இருப்பது இரவில். வேலைக்குப் போய்வருபவர்கள் தங்கள் சுவரை வாரநாள்களில் விளக்கொளியில் மட்டுமே பார்க்கிறார்கள். அதனால் பெயின்ட் தேர்ந்தெடுக்கும் முன் விளக்கைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்வேன். விளக்கின் பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 2700, 3000 என்றால் மஞ்சள் கலந்த ஒளி. 4000 நடுத்தரம். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளொளி. நம் வீடுகளில் பழைய டியூப்லைட் பழக்கத்தால் இது இன்னும் நிறைய இருக்கிறது. 6500ல் சுடுமண் நிறம் சாம்பல் பூத்துப்போகும், கடுகு மஞ்சளில் ஒரு பச்சைச் சாயல் எட்டிப்பார்க்கும். 2700ல் சிவப்பும் ஆரஞ்சும் அழகாக நிறையும். ஆனால் வெள்ளைச் சுவரும் மஞ்சளாகிவிடுவதால் மஞ்சள் எடுப்பு நிறம் மட்டும் தனித்துத் தெரியாமல் கரைந்துபோகும். ஆகவே மஞ்சளை விரும்புபவர்களுக்கு 4000, சிவப்பு வகைக்கு 3000 என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது, கடைக்காரர்கள் அவ்வளவாகச் சொல்லமாட்டார்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான சிஆர்ஐ மதிப்பு அது. 100 முழு மதிப்பு. எட்டு வெளிர் நிறங்களை வைத்துப் பார்த்து அதன் சராசரியைத்தான் சிஆர்ஐ என்று எழுதுகிறார்கள். அடர்ந்த சிவப்பு அந்த எட்டில் இல்லை; அதற்குத் தனியாக ஆர்9 என்ற மதிப்பு. மலிவான எல்இடி விளக்குகளில் சிஆர்ஐ 80 என்று இருக்கும், ஆர்9 மிகக் குறைவாக இருக்கும். அந்த விளக்கின் கீழ் குங்குமச் சிவப்பு உயிரில்லாத பழுப்பாகத் தெரியும். நாம் பெயின்ட் நிறுவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். சிஆர்ஐ 90க்கு மேல் உள்ள விளக்கை எடுப்புச் சுவருக்கு அருகில் மட்டுமாவது போடுங்கள். சமையலறையிலும் அது பயன்படும், தக்காளியும் மிளகாய்த் தூளும் அவற்றின் நிறத்தில் தெரியும்.

பக்கத்து நிறம் செய்யும் வேலை

பாரிசில், சுவரில் தொங்கவிடும் சித்திரத் துணிகளை நெய்யும் கோபலின் தொழிற்சாலையில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் சாயம் சரியில்லை என்ற புகாரை ஆராயப் போனார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்யப்பட்டிருந்த நிறங்கள்தான் அந்தக் கறுப்பை வெளிறச் செய்தன. ஒவ்வொரு நிறமும் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்த்திசையில் தள்ளுகிறது என்பதை விரிவாக எழுதி 1839ல் நூலாக வெளியிட்டார்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். சிவப்புத் துணி ஒன்றை வெள்ளைச் சுவர் முன்னால் பிடித்து அரை நிமிடம் கண் அசைக்காமல் பாருங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டுச் சுவரையே பாருங்கள். நீலப்பச்சை நிழல் ஒன்று மிதக்கும். சிவப்பின் எதிர்நிறம் அது. அதற்கு நெருங்கிய நிறம் எது அருகில் இருந்தாலும் சிவப்பு இன்னும் கூர்மையாகும். ஒரு பச்சைச் செடிச் சாடியை அரக்குச் சுவர் முன் வைத்தால் இரண்டுக்கும் உயிர் வருவது இதனால்தான். வீட்டில் ஏற்கெனவே மணி பிளான்ட் இருக்கிறதென்றால் செலவில்லாத துணை அது.

இதே காரணத்தால் தரையை மறந்துவிடக் கூடாது. தரை மிகப் பெரிய பரப்பு, எளிதில் மாற்றவும் முடியாது. சாம்பல் நிறத் தரை ஓடு போட்ட வீட்டில் ஆரஞ்சு ஒரு படி கூடுதலாகத் தெறிக்கும். சாம்பலும் கொஞ்சம் நீலமாகத் தெரியும். அங்கே அட்டையில் பிடித்த நிறத்தைவிட ஒரு படி மங்கலானதை எடுங்கள். பழுப்பு மஞ்சள் மரத்தரையில் சுடுமண் நிறம் அடையாளம் தெரியாமல் கலந்துவிடும். அங்கே அரக்குக்கோ குங்குமச் சிவப்புக்கோ போக வேண்டும். பழைய தேக்கு அலமாரி, ரோஸ்வுட் மேசை உள்ளவர்கள் சிவப்புச் சுவருக்கு முன்னால் அவற்றை நிறுத்தாதீர்கள். மரத்தின் செம்மை முழுவதையும் சுவர் உறிஞ்சிவிடும். கடுகு மஞ்சள் அவற்றுக்குப் பொருத்தம்.

வாங்குமுன் சோதனை செய்யுங்கள். நிற அட்டையில் இருக்கும் விரலளவுத் துண்டை நம்ப வேண்டாம். சுவர் முழுக்கப் பரவியதும் எந்த நிறமும் அட்டையைவிடத் தூக்கலாகவே தெரியும். மாதிரிக்குச் சிறிய டப்பா வாங்கி, ஒரு பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு பூச்சு அடித்து, சுவரில் ஒட்டுநாடாவால் மாட்டிவையுங்கள். சன்னலருகே ஒரு நாள், மூலையில் ஒரு நாள். இரண்டு சுவர்களுக்கிடையே ஒளி எதிரொளிப்பதால் மூலையில் நிறம் இன்னும் அடர்ந்து தெரியும். காலை, நடுப்பகல், மாலை, விளக்கு போட்டபின் என்று நான்கு வேளையும் பாருங்கள். சுவர் முழுக்க அடித்தபின் எதிர்ச்சுவரின் வெள்ளையிலும் லேசாக அந்த நிறம் ஏறும். அதுவும் பிடித்திருக்க வேண்டும்.

எந்தச் சாயம் நிலைக்கும் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காவி, செங்காவி, மண்மஞ்சள் ஆகியவற்றின் நிறம் இரும்பு ஆக்ஸைடிலிருந்து வருவது. வெயிலில் அது வெளுக்காது. பளீரென்ற சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் கரிமச் சாயங்கள். வெயில் பட்டால் காலப்போக்கில் வெளுக்கும், துணியில் இன்னும் வேகமாக. மேற்குச் சன்னலோரம் போடும் குஷனை மாதத்துக்கொருமுறை திருப்பிப் போடுவது நல்லது.

அடிக்கும் வேலை

மேலே கணக்கிட்ட 10.4 சதுர மீட்டர்ச் சுவரையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். ஆகவே இரண்டு பூச்சுக்கு 2 லிட்டர். ஆனால் தூய சிவப்புக்கும் தூய மஞ்சளுக்கும் மறைக்கும் திறன் குறைவு, மூன்றாவது பூச்சும் கேட்கும். சிவப்புக்கு அடியில் வெளிர்சாம்பல் அடிப்பூச்சு ஒன்று கொடுத்தால் ஒரு பூச்சு மிச்சமாகும். மஞ்சளுக்கு வெள்ளை அடிப்பூச்சே சரி. காவி வகைகள் இரண்டே பூச்சில் மூடிவிடும். மினுக்கம் இல்லாத மேட் வகை சுவரின் மேடுபள்ளத்தை மறைக்கும், நிறமும் ஆழமாகத் தெரியும். குழந்தைகள் கை வைக்கும் உயரத்தில் கழுவக்கூடிய வகை நல்லது. நீர்க்கசிவோ பூஞ்சையோ உள்ள சுவரானால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் பெயின்ட் அதை மறைக்காது, உப்பி உரியும்.

உட்சுவருக்கு நீங்கள் எந்த நிறமும் அடிக்கலாம். வெளிமுகப்பு நிறம் மட்டும் உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டதில்லை, அதை மாற்ற அனுமதி கிடையாது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சுவரே வேண்டாம். துணியே போதும். சிராங்கூன் சாலைக் கடைகளிலும் தேக்கா நிலையத்தின் மாடியிலும் அராப் ஸ்திரீட் துணிக்கடைகளிலும் அலைந்தால் வேண்டிய நிறம் கிடைத்துவிடும். சன்னல் ஒன்றுக்கு முழுநீளத் திரைச்சீலை மட்டும் அடர்ந்த நிறத்தில் போட்டு, மற்றதெல்லாம் வெளிறிய நிறத்தில் விடுங்கள். வீட்டில் உடுத்தாமல் மடிப்பில் நைந்துகொண்டிருக்கும் பட்டு இருந்தால், அதன் நல்ல பகுதியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஒரு மீட்டர் அகல அரக்குப் பட்டு ஒரு வெள்ளை ஹாலுக்கு முழு எடுப்பு நிறமாகப் போதும். கண்ணாடி போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

முதன்முதலாக முயல்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் இடம் பூசை மாடம். வீவக வீடுகளில் அது பெரும்பாலும் ஓர் அலமாரிக்குள் அல்லது ஹாலின் ஓரத்தில் அடங்கிவிடும். பின்பலகை ஒரு சதுர மீட்டர்கூட இருக்காது. அந்தப் பின்பலகைக்கு மட்டும் அரக்கு அடியுங்கள். பித்தளை விளக்கும் மல்லிகையும் திருநீறும் அந்த நிறத்தின் முன் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்பதைப் பார்த்தபிறகு பெரிய சுவருக்குப் போகும் துணிவு தானாக வரும். இங்கே மட்டும் மேட் வகை வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் படியும் இடமாதலால், ஈரத்துணியால் துடைக்கக்கூடிய லேசான மினுக்கமுள்ள வகையை எடுங்கள். விளக்கின் சுடருக்கும் பலகைக்கும் நடுவே போதிய இடைவெளி விடுங்கள்.

வேலை முடிந்ததும் மீந்த பெயின்ட்டை வீசிவிடாதீர்கள். இறுக மூடும் கண்ணாடிக் குப்பி ஒன்றில் ஊற்றி, நிறத்தின் பெயர், எண், அடித்த தேதி, எந்தச் சுவர் என்று எழுதி ஒட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். நாற்காலி முதுகு உரசிய இடத்தைத் தொட்டுச் சரிசெய்ய அது வேண்டியிருக்கும். மீண்டும் கடைக்குப் போய்க் கலக்கச் சொன்னால் எண் ஒன்றாக இருந்தாலும் நூலிழை வித்தியாசம் வரலாம், அடர்ந்த நிறத்தில் அது திட்டாகத் தெரியும். குப்பி தீர்ந்துவிட்டால் திட்டுத் திட்டாகத் தொடாமல், மூலைக்கு மூலை அந்தச் சுவர் முழுவதையும் ஒரு பூச்சு அடித்துவிடுங்கள்.